ஆகாயத்தால் வந்த மாப்பிள்ளை

தன்னாமுனைக்கு அப்பால் வாவிக்கரையில் ஒரு சின்ன மாதா கோயில். அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களில் முதன்முதலாகப் பிளேனில் ஏறியவர் யோசேப். ஊர் இதற்காக அவரை மதித்திருக்கலாம். மதிக்கத்தான் இருந்தது. இடையில் மாடுகள் புகுந்துவிட்டன.

யோசேப் பட்டினத்தில் அரசாங்க மாட்டு வைத்தியரிடம் உதவியாளராக இருந்தார். காக்கிக் காற்சட்டை, சைக்கிள், சைக்கிளின் பின்னால் கட்டிய ஒரு பிளாஸ்க். பிளாஸ்கினுள் பனிக்கட்டி, பனிக்கட்டிக்குள் சிறு கண்ணாடிக் குழாய்கள், குழாய்களுக்குள் கொழும்புப் பக்கத்துப் பண்ணையொன்றில் நிற்கும் சாதிக் காளையின் வித்து. அது ரெயிலில் வரும். யோசேப் அதை வீடு வீடாகக் கொண்டுபோவார். காளையை யாரும் கண்டதில்லை. பசுவும் கண்டதில்லை. இடது கையைப் பசுவின் பின்பக்கத்தால் முழங்கைவரை விட்டு, வலது கையால் குழாயைச் செலுத்தி, வேலை முடிந்ததும் சிவப்புச் சவுக்காரம் போட்டுக் கழுவி, "மாட்டுக்கு ஒள்ளம் தண்ணி காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார். அரசாங்கம் இதை விஞ்ஞானம் என்றது. ஊர் அவரை மாட்டு மாப்பிள்ளை என்றது.

பெயரை அவர் பொறுத்துக்கொண்டார். கூட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

மார்கழியில் வரும் பெருநாளன்று மாதாவின் சிலையான சுருவத்தைப் பூவேலைக் கூட்டில் நிறுத்தி, நான்கு பேர் தோளில் சுமந்து, கரையைச் சுற்றி வருவார்கள். கூடு பாரம். ஊரின் ஒரு வருடத்துப் பாவம் முழுவதையும் மாதா அன்று தன்மேல் ஏற்றுக்கொள்வதால் வந்த பாரம். தூக்கும்போது நால்வருக்கும் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சுழியும். பெண்கள் அதைப் பார்த்து, "அம்மா தாயே, என்ன பாரம்" என்று அழுவார்கள். அழுத பிறகு புதுப் பாவங்களுக்கு இடம் உண்டாகும்.

நால்வரில் முன் வலது பக்கத்தவர் முக்கியமானவர். அவர் வைப்பதுதான் நடை. மற்ற மூவரும் அவருடைய காலுக்குக் கால் வைக்க வேண்டும். அந்த இடத்தை யோசேப்பின் தாய்மாமன் சாகும்வரை வைத்திருந்தார். தாய்வழி உரிமைப்படி அது மருமகனுக்கு வர வேண்டும். வரவில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் டொமினிக் ஒரே கேள்வியில் வழக்கை முடித்தார்.

"அந்தக் கையாலயா நீ அம்மாட கூட்டைத் தொடப்போறாய்?"

"எந்தக் கையை மூப்பர் சொல்றீங்க?"

"அதுக்கு எந்தக் கை வேணும்?"

யோசேப் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டும் வேணும்" என்றார்.

இடம் மூப்பரின் மருமகன் ஜெயராஜாவுக்குப் போனது. ஜெயராஜாவின் கைகள் சுத்தமானவை. அவை எந்த வேலையிலும் அழுக்கானதாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

மூப்பரிடமும் ஒரு பசு நின்றது. ஆடு கறக்கும் அளவு கறந்தது. யோசேப் ஒருமுறை தன் சேவையை எடுத்துச் சொன்னார். "அப்பன்ட முகம் தெரியாத கண்டு என்ட வளவில பிறக்க வேணாம்" என்றார் மூப்பர். அவர் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர்.

யோசேப்பின் மனைவி மக்டலின் ஒவ்வொரு பெருநாளும் ஜெயராஜாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே செபமாலை சொன்னாள். "என்ட புருசன்ட இடத்தில அந்தத் தேங்காய்மூடி நிக்கிது" என்று கடைசி மணியில் சேர்த்துக்கொள்வாள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு அரசாங்கத்துக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. பெரிய உத்தியோகத்தர் ஒருவர் மூன்று கிழமை அவுஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரு பட்டிக்கும் மறு பட்டிக்கும் இடையே இருநூறு மைல் செம்மண். அதனால் மாட்டுக்காரர்கள் பிளேனில் போய்வருகிறார்கள். உன்னிச்சைக்கு மேற்கே காட்டோரம் வேங்கைமடு என்ற இடத்தில் அரசாங்கப் பண்ணை ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் வெட்டிய ஓடுபாதை ஒன்றும் அங்கே புல் முளைத்துக் கிடந்தது. மாரியில் வண்டிப்பாதை சேறாகிவிடும். பாலத்தை உயர்த்திக் கட்டினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். பாலத்தை அவுஸ்திரேலியாவில் யாரும் அவருக்குக் காட்டவில்லை. ஆகவே வித்து பிளேனில் போவதென்று முடிவாயிற்று.

போக வேண்டியவர் மாட்டு வைத்தியர் டொக்டர் வினாயகமூர்த்தி. அவர் பட்டினத்து விமானத்தளத்துக்கு முதல்நாளே போய்ப் பிளேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சின்னப் பிளேன். சக்கரத்தைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்தார். பிறகு, விஞ்ஞானம் கீழ்மட்ட ஊழியர்வரை போய்ச்சேர வேண்டும் என்றார். அப்படித்தான் யோசேப்புக்கு ஆகாயம் கிடைத்தது.

பயணம் பெருநாளன்று. யோசேப் மூப்பரிடம் ஓடினார்.

"மூப்பர், நாளைக்கு நான் பிளேனில போறன். பின்னேரம் சுருவம் சுத்துற நேரம்தான் திரும்பி வாறது. கப்டனைக் கேட்டால் கோயிலுக்கு மேலால ஒரு சுத்து வருவார். மேல நிண்டு அம்மாவுக்குப் பூப்போடட்டா?"

மூப்பர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பெரிய பெரிய கோயில்களுக்கே வானத்திலிருந்து பூ விழுந்ததில்லை. பக்கத்து ஊர்க் கோயிலின் மூப்பர் இதைக் கேள்விப்படும்போது அவருடைய முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த முகம் அவருக்குப் பிடித்திருந்தது.

"பூ விழுமா?"

"விழும்."

"பூ விழுந்தா, வாற வருசம் உன்ட மாமன்ட இடம் உனக்கு."

"என்ட கை?"

"ஆகாயத்தால பூப்போட்ட கையெல்லோ, பரவாயில்லை."

அன்று பின்னேரம் முழுக்க மக்டலின் கரையிலுள்ள வளவெல்லாம் ஏறி இறங்கிச் செவ்வரத்தை, செவ்வந்தி, மல்லிகை என்று ஒரு சாக்கு நிறையச் சேர்த்தாள். "இஞ்ச பாருங்க, கூட்டுக்கு நேர மேல வந்தாப்போலதான் கொட்டோணும். முந்திக் கொட்டினா ஜெயராஜாட தலையில விழும்" என்று சொல்லி அனுப்பினாள்.

கப்டன் ஒரு பறங்கி. புளியந்தீவில் பிறந்து கொழும்பில் பறக்கப் பழகியவர். கோயிலைச் சுற்றிவர ஒரு சட்டி எருமைத் தயிர் கேட்டார். யோசேப் ஒப்புக்கொண்டார். பிளாஸ்கைக் கால்களுக்கிடையிலும் பூச்சாக்கை மடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிளேன் எழும்பியது.

"ஓய், பயமா?"

"இல்லை ஐயா."

"அப்ப ஏன் கண்ணை மூடியிருக்கிறீர்?"

"செபமாலை சொல்றன்."

"எனக்கும் சேர்த்துச் சொல்லும். இந்த வேங்கைமட்டில நான் முந்தி இறங்கினதில்லை."

யோசேப் கண்ணைத் திறந்தார். வயல் வட்டைகளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. உன்னிச்சைக் குளம் வந்தது, போனது. சைக்கிளில் அரை நாள் எடுக்கும் தூரம் செபமாலையின் பத்து மணி கொண்ட ஒரு காரணிக்கத்துக்குள் முடிந்ததில் அவருக்குச் சிறிது ஏமாற்றம்.

வேங்கைமட்டில் இதற்குள் நடந்திருந்தது இதுதான். பிளேனில் சாதிக் காளை வருகிறது என்று பண்ணைக்குத் தந்தி அடித்திருந்தார்கள். காளை என்றால் காளைதானே. பட்டிக்குப் புதுக் காளை வந்தால் மாப்பிள்ளையை எடுப்பதுபோலத்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கத்தைய பட்டிக்காரர் இளையதம்பியின் குடும்பத்து வழக்கம். மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் சகோதரன் கழுவுவான். பசுக்களுக்குச் சகோதரன் இளையதம்பி. ஆகவே மாவிலைத் தோரணம் கட்டி, நிறைகுடம் வைத்து, செம்பில் தண்ணீருடன் நின்றார். மாப்பிள்ளை இறங்கியதும் பெண்ணைத் தேடி அலையக்கூடாதல்லவா? பண்ணையின் பசுக்கள் எல்லாவற்றையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, ஓடுபாதையின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

கப்டன் கீழே பார்த்தார். "என்ன ஓய் இது, சந்தையா?"

முதல் சுற்றில் பசுக்கள் நிமிர்ந்து பார்த்தன. இரண்டாம் சுற்றில் அதுவும் இல்லை.

"எண்ணெய் குறையுது. எதையாவது எறிஞ்சு மாட்டைக் கலையும்!"

யோசேப்பிடம் எறிய இரண்டு பொருட்கள் இருந்தன. பிளாஸ்கை எறிந்தால் வேலை போகும். சாக்கை எறிந்தால் மாமனின் இடம் போகும். அவர் யன்னலைத் திறந்து, சாக்கின் வாயை ஒரு விரலளவு தளர்த்தி, ஒரு பிடி பூவை மட்டும் எடுத்தார். ஒரு பிடியோடு சமாளிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். காற்றுக்கு வேறு எண்ணம் இருந்தது. சாக்கு கவிழ்ந்தது. மக்டலின் வளவு வளவாகச் சேர்த்த அத்தனையும் வேங்கைமட்டின்மேல் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக இறங்கியது.

கீழே நின்ற பெண்கள் குரவையிட்டார்கள். எத்தனையோ மாப்பிள்ளைமார் வந்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படி வரவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கியிருந்த ஒன்றிரண்டு பசுக்களும் ஓடுபாதைக்கே ஓடிவந்து பூவைத் தின்னத் தொடங்கின.

"ஓய்! மாட்டைக் கலைக்கச் சொன்னா, சாப்பாடு போடுறீரா!"

மூன்றாம் சுற்றில் கப்டன் மிகவும் தாழப் பதித்து வந்தார். இளையதம்பியின் தலைப்பாகை பறந்தது. மாப்பிள்ளை இறங்க இடம் கேட்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பசுக்களை ஓரமாகச் சாய்த்து ஓட்டினார். பிளேன் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு தோரணத்துக்கு முன்னால் வந்து நின்றது.

யோசேப் இறங்கினார். இளையதம்பி அவரை விலக்கிவிட்டுப் பிளேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க?"

"ஆர்?"

"காளை."

யோசேப் பிளாஸ்கை உயர்த்திக் காட்டினார். இளையதம்பி அதைப் பார்த்தார். பிறகு பிளேனின் வால்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மிச்சம்?"

"மிச்சம் கொழும்பில நிக்கிது."

இளையதம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை பிளாஸ்கைக் கிட்டவந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் முதலில் கேட்பது குடி, அதாவது குலம். குடி தாய்வழியாக வரும். மாட்டுக்குச் சுடும் குறியும் தாய்வழிதான்.

"ஆக்கள் என்ன குடியாம், கேளுங்க."

யோசேப் குழாயில் ஒட்டியிருந்த சாதிப் பெயரை வாசித்தார். "சிந்தி."

"சிந்திக் குடியா? கேள்விப்படாத குடியா இருக்கே."

"அது கிடக்கட்டும்கா" என்றார் இளையதம்பி. "தாய் எங்கட தாய்தானே. கண்டுக்கு எங்கட குறிதான்." பிறகு கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "கால் கழுவ எடுத்த தண்ணியைத் திருப்பிக் கொண்டுபோனாப் பட்டிக்கு ஆகாது. ஆரும் ஒராள் காலை நீட்டோணும்."

கப்டன் பிளேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

யோசேப் சப்பாத்தைக் கழற்றினார். இத்தனை வருடம் தன் கையைக் கழுவிக்கொண்டே திரிந்தவரின் காலை ஒருவர் குனிந்து கழுவினார். குரவை இன்னொருமுறை எழுந்தது. கால் கழுவிய மைத்துனனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும். இளையதம்பி விரலை நீட்டிக்கொண்டு நின்றார். யோசேப்பிடம் மோதிரம் இல்லை. காற்சட்டைப் பையிலிருந்த புதுச் சிவப்புச் சவுக்காரத்தை எடுத்துக் கொடுத்தார். இளையதம்பி முகர்ந்து பார்த்து, திருப்தியாக, "வா மச்சான்" என்றார்.

பொட்டு வைத்த பசுக்களில் பருவத்தில் நின்றது சிவப்பி ஒன்றுதான். மற்றவை செவ்வந்தியை அசைபோட்டுக்கொண்டு, யோசேப் செய்வதை விருந்துக்கு வந்தவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பும்போது பூச்சாக்கு இருந்த மடியில் இளையதம்பி கொடுத்த தயிர்ச்சட்டி இருந்தது. கப்டன் சொன்ன சொல் தவறாதவர். வேண்டாம், வேண்டாம் என்று யோசேப் எவ்வளவோ சொல்லியும் கோயிலுக்கு மேலே கொண்டுபோனார். கூட்டைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். பூ தடைப்படாமல் விழட்டும் என்று மூப்பர் மேற்கட்டியைக்கூடக் கழற்றியிருந்தார். ஊர் முழுவதும் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. யோசேப் சாக்கை உதறினார். ஒரு செவ்வரத்தை இதழ் அகப்பட்டது. அதைப் போட்டார். அது எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்று விளங்காமல் கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

"பூவைக் காட்டுறன் எண்டாய்" என்றார் மூப்பர், அன்று யோசேப் வந்துசேர்ந்தபோது. "கையைக் காட்டிப்போட்டுப் போறாய். அதுவும் அந்தக் கையை. அம்மாட தலைக்கு மேல."

வீட்டில் மக்டலின் கேட்டாள்: "பூ எங்க?"

"மாடு திண்டிற்று."

"ஆகாயத்திலயா?"

அவள் சோறு போட்டாள். மீனின் நடுத்துண்டைத் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிளேன் பிறகு வரவில்லை. ஒரு பயணம், ஒரு சினை. ஆகவே திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி என்று பெரிய உத்தியோகத்தர் அறிவித்தார். வெற்றியடைந்துவிட்டதால் அதை நிறுத்தினார்கள்.

அடுத்த பெருநாள் வந்தது. கூட்டைத் தூக்கும் நேரம். ஜெயராஜா தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். யோசேப் கூட்டத்தின் கடைசியில், மக்டலினுக்குப் பக்கத்தில். மூப்பர் வீட்டுப் பசு காலையிலிருந்து கத்திக்கொண்டு நின்றது. கோயில் முற்றம்வரை கேட்டது. வெளிவாசலில் ஒருவர் தயிர்ச்சட்டியும் தலைப்பாகையுமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மச்சான்! யோசேப்பு மச்சான்!"

ஊர் திரும்பிப் பார்த்தது. யோசேப்புக்கு அப்படி ஒரு மச்சான் இருப்பதை மக்டலினும் அன்றுதான் அறிந்தாள்.

"பிறந்திற்று மச்சான்! பசுக்கண்டு! மூண்டு மாசமாகுது, மழை விடட்டும் எண்டு நிண்டன்" என்று இளையதம்பி வாசலிலிருந்தே கத்தினார். "நல்ல சிவப்பு. காது ரெண்டும் இந்தா இவ்வளவு நீளம். இப்பவே தாயிட வயித்துக்கு மேல நிக்கிது. அப்பிடியே தகப்பன்!"

சிரிப்பு கூட்டத்தைக் கடந்து பீடத்துச் சிறுவர்கள்வரை போனது. சிலர் யோசேப்பின் காதைப் பார்த்தார்கள். மக்டலின் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இளையதம்பியிடம் போனார்.

"எவ்வளவு கறக்குமாம் அந்தச் சாதி?"

இளையதம்பி சட்டியைக் காட்டி, "காலமை இந்தச் சட்டி ரெண்டு எண்டு பண்ணையில சொல்றாங்க" என்றார்.

மூப்பர் வீட்டுப் பசு மறுபடி கத்தியது. மூப்பர் திரும்பி வந்து, யோசேப்பை ஓரமாகக் கூப்பிட்டார்.

"யோசேப்பு, அந்தப் போத்தல் இப்ப உன்னட்ட கிடக்கா?"

"டொக்டர் ஐயாட வீட்டில கிடக்கு. நேற்றைய ரெயிலில வந்தது."

"என்ட பசு காலமையிலயிருந்து பருவத்தில நிக்கிது. எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பொழுதுபடுகிறதுக்குள்ள செய்தாச் சரி. மறுகா பிரயோசனமில்லை." யோசேப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆனா இண்டைக்குப் பெருநாள், மூப்பர். அப்பன்ட முகமும் தெரியாது."

மூப்பர் கூட்டைப் பார்த்தார். கோயில் சட்டம் எவ்வளவு ஆழமானது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

"கூட்டைக் கையாலயா தூக்கிறது?" என்றார். "தோளாலயெல்லோ. தோள் என்ன பாவம் செய்தது?"

பிறகு மருமகனைப் பார்த்தார். மருமகனுக்குக் கால் சுளுக்கிற்று.

யோசேப் முன் வலது பக்கம் போய்க் குனிந்தார். மாமனின் இடம். ஒரு வருடத்துப் பாவம். அதில் தன் பங்கும் இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு எழும்பினார். கூடு அவருடைய பக்கம் ஒரு முழம் துள்ளியது. மாதா சாய்ந்து நிமிர்ந்தார்.

"மெல்லடாப்பா!" என்றார் பின்னால் நின்றவர், உதடு அசையாமல். "பாரமாத் தூக்கு."

"பாரமில்லையே?"

"உள்ளுக்குக் கோறை, ஒண்டுமில்லை. முருக்கங்கட்டை. முகத்தைச் சுழி, சனம் பார்க்குது."

யோசேப் அப்படியே நின்றார். ஊரின் பாவம் முழுவதும் அவருடைய பிளாஸ்கின் பாரத்துக்கு வரவில்லை. மாமன் செத்த அன்று, கூடு தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள் என்று எல்லோரும் அந்தத் தோளைத் தொட்டு முத்தமிட்டது நினைவுக்கு வந்தது.

கூட்டத்தில் மக்டலினைத் தேடினார். அவள் முக்காட்டைத் தள்ளிவிட்டு, நெஞ்சில் கையை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா தாயே," என்று அழுதாள், "என்ன பாரம்!"

யோசேப் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தார். முதல் அடியை எடுத்து வைத்தார். நின்றார். மூச்சு வாங்கினார். இரண்டாவது அடியை வைத்தார். மூவரும் அவருடைய காலுக்குக் கால் வைத்தார்கள். அப்படி ஒரு நடையை அந்தக் கரை அதுவரை கண்டதில்லை. பெண்கள் விம்மினார்கள். வாவிக்கு அப்பால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூப்பர் வீட்டுப் பக்கமிருந்து பசுவின் சத்தம் வந்தது.

மூப்பர் பக்கத்தில் ஓடிவந்தார். "டேய் யோசேப்பு, கெதியா நட. பொழுதுபடுகுது."

யோசேப் முகத்தை இன்னும் ஒருமுறை சுழித்தார்.

"எப்பிடி மூப்பர் கெதியா நடக்கிறது?" என்றார். "பாரமெல்லோ."